நூற்றுக்கு இரண்டு

எனெய்தா வாயைத் திறந்தால் பெல்கிஸ் உடனே சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பாள். "மணி பத்தே முக்கால். எல்லாரும் குறிச்சு வச்சுக்கங்க, எனெய்தா பேசிட்டா" என்று மூன்று வரிசைக்குக் கேட்கும்படி அறிவிப்பாள். இருவரும் இருபத்தொரு வருஷமாக அடுத்தடுத்த மேஜை. இந்தக் கேலி ஏறக்குறைய அந்த முதல் வாரத்திலிருந்தே நடக்கிறது. எனெய்தா கோபித்துக்கொண்டதில்லை. தலையைக் குனிந்து அடுத்த இலையை எடுத்துப் பலகையில் விரிப்பாள்.

சுருட்டுக் கூடத்தில் தொண்ணூறு பேர். அவர்களுக்கு நடுவில் ஒரு மேடை. மேடையில் ஒரு நாற்காலி, ஒரு மைக், அதன் பின்னால் சொராய்தா. காலையில் அவள் செய்தித்தாள் வாசிப்பாள். மதியச் சாப்பாடு முடிந்து, ஒன்றரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் நாவல். வாசிப்பு பிடித்துப்போனால் தொண்ணூறு பேரும் இலை வெட்டும் பிறைக்கத்தியை, சவேத்தாவை, படுக்கை வாக்கில் திருப்பிப் பலகையில் தட்டுவார்கள். தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுவதைப் போலிருக்கும். பிடிக்காவிட்டால் கத்தியைத் தரையில் போடுவார்கள். அதற்குப் பிறகு எந்தப் புத்தகமும் தப்பியதில்லை.

எனெய்தாவுக்கு அந்த ஒரு மணி நேரம்தான் நாள். விடியற்காலையில் தண்ணீர் பிடிப்பதும், வரிசையில் நின்று ரொட்டி வாங்குவதும், சாயங்காலம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேட்டில் ஏறுவதும் நாளின் மிச்சம். வீட்டில் புத்தகத்தைத் திறந்தால் இரண்டாம் பக்கத்தில் கண் செருகிவிடும். இங்கே கைகள் தாமாகவே சுற்றிக்கொண்டிருக்க, அவள் எங்கேயோ இருப்பாள். இப்போதைய நாவலில் ஓர் உப்பளக் குடும்பம். மூத்த மகள் படகுத்துறையில் நிற்கிறாள். அவளுக்கு வந்த ஒரு கடிதத்தை யாரோ எடுத்துவிட்டார்கள். அந்த ஒரு மணி நேரம், வாடகையில்லாமல் அவளுக்கென்று கிடைத்த ஒரே அறை.

அந்த அறையைத்தான் மூட யோசிப்பதாக ஒரு திங்கட்கிழமை புதிய நிர்வாகி மேடையேறிச் சொன்னார்.

ஃபெர்மின் அரியேத்தாவுக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. சாந்தா கிளாரா நகரத்திலிருந்து வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. கத்திப் பேசத் தெரியாத மனிதர். போன மாதம் முழுவதும் அட்டையில் தாளைச் செருகிக்கொண்டு மணிக்கொருமுறை மேஜை மேஜையாக நடந்து எதையோ குறித்துக்கொண்டிருந்தார். பாவம், உடம்பு இளைக்க நடக்கிறார் என்று பெல்கிஸ் சொல்லியிருந்தாள்.

"தோழர்களே, மத்த நேரத்துல நூறு சுருட்டு சுத்துறீங்கன்னா, நாவல் நேரத்துல எம்பத்தொம்பது சுத்துறீங்க. நூத்துக்குப் பதினொண்ணு குறையுது. வாசிப்ப நிறுத்திட்டு ரேடியோல பாட்டுப் போடலாமான்னு மேலேருந்து கேட்டிருக்காங்க. என் அபிப்பிராயத்த எழுதி அனுப்பணும். நான் எழுதுறதுதான் முடிவு. எனக்கு வாசிப்பு மேல கோபம் ஒண்ணும் இல்ல. வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திருக்கேன். யாராவது வந்து காரணத்தோட பேசுங்க."

பேசுவதற்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. உபால்தோ அதற்குள் எழுந்து நின்றுவிட்டார். அறுபத்து மூன்று வயது. கூடத்தில் எந்த விவாதம் வந்தாலும் கடைசிச் சொல் அவருடையது. அவருக்குப் பின் யாருக்கும் குரல் மிச்சமிருக்காது என்பதுதான் காரணம்.

"வெள்ளிக்கிழமை எதுக்கு? இப்பவே சொல்றேன்!" என்று தொடங்கினார். தன் பூட்டன் இதே மாதிரி ஒரு கூடத்தில் எழுத்தறியாமல் உட்கார்ந்து உலகத்தைக் காதால் படித்ததைச் சொன்னார். கத்தியும் புத்தகமும் ஒரே கையின் இரண்டு பக்கம் என்றார். வாசிப்பில்லாத சுருட்டில் புகை வரும், மணம் வராது என்றார். கடைசியில் தன் நெஞ்சில் ஓங்கி அறைந்து, "எங்க காத அறுத்துட்டு அப்புறம் கைய வேலை வாங்குங்க, தோழரே!" என்று முடித்தார்.

கூடம் இடிந்துவிழும்போல் சவேத்தாக்கள் முழங்கின. பெல்கிஸ் அழுதேவிட்டாள். எனெய்தாவும் தட்டினாள். 

சத்தம் ஓயும்வரை ஃபெர்மின் காத்திருந்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ரொம்ப அழகாப் பேசினீங்க. எனக்கே கண்ணு கலங்கிடுச்சு. ஆனா தட்டினதுல நாலு நிமிஷம் போச்சு. கிட்டத்தட்ட எழுபத்திரண்டு சுருட்டு. அந்தப் பதினொண்ணு எங்க போகுதுன்னு இன்னும் நீங்க சொல்லல."

அவர் இறங்கிப் போனார். உபால்தோ நெஞ்சில் வைத்த கையை எடுக்க மறந்து நின்றார்.

"கல்லு. மனுஷனே இல்ல, கல்லு" என்றார்.

"கல்லு கண் கலங்குமா?" என்றாள் எனெய்தா.

பெல்கிஸ் கண்ணீரைத் துடைத்துக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தாள். "ஒம்பது இருபது. எழுதிக்கங்க."

அன்றும் மறுநாளும் எனெய்தா யோசித்துக்கொண்டேயிருந்தாள். அவள் யோசிப்பது வெளியே தெரியாது. விரல்கள் உள் இலைகளை அடுக்கிச் சுற்றிக்கொண்டிருக்கும், கண் ஒரே இடத்தில் நிற்கும். இந்தக் கூடத்தில் அவள் கேட்ட வாதங்களுக்குக் கணக்கில்லை. யார் குற்றவாளி, எந்தக் கணவன் நல்லவன், எந்தத் தளபதி முட்டாள். பெரும்பாலும் உரக்கக் கத்தியவர் ஜெயித்தார். ஆனால் யாராவது மனம் மாறினார்களா? தட்டியவர்கள் எல்லாம் முன்பே அதே பக்கம் இருந்தவர்கள். திங்கட்கிழமை தானும் அப்படித்தானே தட்டினோம் என்று நினைத்துக்கொண்டாள். உபால்தோ பேசியது தொண்ணூறு பேருக்கு. மாற வேண்டியவர் ஒரே ஒருவர். அவரிடம் யாரும் பேசவேயில்லை.

ஒரே ஒரு முறை மட்டும் வேறு மாதிரி நடந்தது நினைவுக்கு வந்தது. அதுவும் இந்த நாவலில்தான். அந்தக் கடிதத்தை எடுத்தது கதையில் வரும் டாக்டர்தான் என்று உபால்தோ ஒன்பது நாள் முழங்கினார். பாதிக் கூடம் அவர் பக்கம் போய்விட்டது. பத்தாம் நாள் பெல்கிஸ், இலையின் நரம்பைக் கிழித்துக்கொண்டே, "டாக்டர் அன்னிக்கு ஊர்லயே இல்லையே, படகுல போயிட்டாரே" என்றாள். சொராய்தா பக்கத்தைத் திருப்பி அந்த வரியை வாசித்தாள். உபால்தோ ஒரு நிமிஷம் வாயை அசைத்துப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். அன்று பெல்கிஸ் கத்தவில்லை, அழவில்லை. யார் வேண்டுமானாலும் திருப்பிப் பார்த்துக்கொள்ளக்கூடிய ஒன்றைக் காட்டினாள். அவ்வளவுதான்.

நம் சண்டையில் அப்படித் திருப்பிப் பார்க்கக்கூடிய பக்கம் எது? புதன்கிழமை மதியம் அது புரிந்தபோது எனெய்தாவின் கை நின்றுவிட்டது. ஃபெர்மினின் அட்டையில் செருகிய தாள். தொண்ணூறு பேர் மூன்று நாளாக அந்தத் தாளைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவரும் அதைப் பார்க்கவில்லை.

வேலை முடிந்ததும் அவர் அறைக் கதவைத் தட்டினாள். உள்ளே நுழைந்தவளைப் பார்த்ததும் ஃபெர்மின் நாற்காலியில் சற்றுப் பின்னால் சாய்ந்தார். அந்த வாரம் அந்தக் கதவு வழியாக வந்தவர்கள் எல்லாம் கத்தியிருந்தார்கள்.

"உக்காருங்க தோழர்... எனெய்தா பாசோஸ்தானே?"

"ஆமா. அந்தத் தாள நான் பார்க்கலாமா?"

"எதுக்கு?"

எனெய்தா நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். "நீங்க எதப் பார்த்து நம்புனீங்கன்னு தெரிஞ்சுக்க."

ஃபெர்மின் அவளை வியப்பாகப் பார்த்தார். பிறகு இழுப்பறையைத் திறந்து தாளை எடுத்து அவள் பக்கம் திருப்பி வைத்தார். ஒரு சின்னக் கோப்பையில் காப்பியும் ஊற்றினார். "ரெண்டு பேருக்கு இல்ல, ஒரு வாய் தான் இருக்கு" என்று பாதியைத் தனக்கு ஊற்றிக்கொண்டார்.

இருபது நாள் கணக்கு. நாளுக்கு ஒரு வரிசை, மணிக்கு ஒரு கட்டம். அடியில் சராசரி. அந்த எண்பத்தொன்பது அடியில்தான் இருந்தது, சிவப்பு மையில் வட்டமிட்டு. எனெய்தா மேலேயிருந்து ஒவ்வொரு தேதியாக விரலை வைத்துப் பார்த்துவந்தாள். பதினொன்றாம் தேதியில் விரல் நின்றது. காப்பி ஆறியது.

"ஏதாவது தப்பா?" என்றார் ஃபெர்மின்.

"இல்ல. உங்க கணக்கு சரி. எனக்கே அந்த நேரத்துல கை மெதுவாகுறது தெரியும்." தேதிகளைத் தன் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு எழுந்தாள். "வெள்ளிக்கிழமை வரேன்."

வியாழக்கிழமை சாப்பாட்டு மேஜையில் கறுப்புப் பயறுச் சோற்றையும் வறுத்த வாழைக்காயையும் தள்ளி வைத்துவிட்டு உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்.

"கைரேகை பார்க்கவா?" என்றாள் பெல்கிஸ். "உனக்கு ஒரு மாலுமி வருவான்."

"பதினொண்ணுலேருந்து ஆறு வேலை நாளு சொராய்தா இல்ல. மக பிரசவத்துக்குக் கைபரியேன் ஊருக்குப் போயிருந்தா. நாவல் இல்ல."

"ஞாபகம் இருக்கு. அந்தப் பொண்ணு படகுத்துறையில நின்னது நின்னபடி ஒரு வாரம். நீ செத்தவ மாதிரி இருந்த."

"அந்த ஆறு நாள்லயும் நிர்வாகி எண்ணியிருக்காரு. நாலு நாளு அதே ஒன்றரை மணிக்கு அதே அளவு குறைஞ்சிருக்கு. ஒரு நாளு நூத்துக்குப் பதிமூணு. நாவலே இல்லாத நாள்ல நாவல் எப்படிக் கைய நிறுத்தும்?"

உபால்தோ கரண்டியைத் தட்டில் போட்டார். "அடி என் ராசாத்தி! இதான் குத்து! நாளைக்கு நான் இத எடுத்துட்டுப் போய் அவன் மூஞ்சியில..."

"இருங்க. மிச்ச ரெண்டு நாளு குறைவு மூணுதான். நாவல் இல்லாம நல்லாச் சுத்தியிருக்கோம்."

"அத ஏன் சொல்லணும்?" என்றார் உபால்தோ. "நாலச் சொல்லு. ரெண்ட முழுங்கு. உன்ன யாரு கேக்கப்போறா?"

"தாளு அவரோடது. அவருக்குத் தெரியாதா? ரெண்ட மறைச்சா, நாலையும் நம்ப மாட்டாரு. நானா இருந்தாலும் நம்பமாட்டேன்."

"கிழவா, இவ சொல்றது சரி" என்றாள் பெல்கிஸ்.

"உங்கப்பன்கிட்டப் போய்க் கிழவான்னு சொல்லு" என்றார் உபால்தோ. இருந்தாலும் தன் வாழைக்காயில் பாதியை எனெய்தாவின் தட்டில் வைத்தார். அவர் அப்படி யாருக்கும் வைத்து அவள் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை எனெய்தா மேடையில் ஏறினாள். சொராய்தா நாற்காலியை விட்டு எழுந்து மைக்கைத் தாழ்த்திக் கொடுத்தாள். தொண்ணூறு முகங்கள். கீழே முதல் வரிசை ஓரத்தில் ஃபெர்மின் தாளுடன் நின்றார். எனெய்தா நெடுநேரம் பேசாமல் நின்றாள். அந்த மௌனம் அவளுக்குப் பழக்கமானது, கூடத்துக்குத்தான் பழக்கமில்லை. எங்கோ ஒருவர் இருமினார்.

"ஒரு வேண்டுகோள்" என்றாள் கடைசியில். "நான் முடிக்கிற வரைக்கும் யாரும் தட்டாதீங்க. தட்டினா நான் சொல்றது சரியா தப்பான்னு எனக்கே தெரியாமப் போயிடும்."

பிறகு சொன்னாள். முதலில் ஃபெர்மினின் வாதத்தைச் சொன்னாள், அவரைவிடக் கொஞ்சம் தெளிவாகவே. நாவல் நேரத்தில் பதினொன்று குறைகிறது. ஆகவே நாவல்தான் குறைக்கிறது. "நீங்க சொல்றது இதுதானே, தோழரே?" என்று கேட்டு, அவர் தலையசைக்கும்வரை நின்றாள். முதல் பாதி உண்மை என்றாள். கூடத்தில் ஒரு முனகல் எழுந்தது. ஆறு நாள் கதையைச் சொன்னாள். நான்கு நாள். பிறகு, குரல் இன்னும் இறங்கி, இரண்டு நாள்.

"பதினஞ்சாந் தேதி, பதினாறாந் தேதி. அந்த ரெண்டு நாளும் ஏன் அப்படின்னு எனக்குத் தெரியல. எவ்வளவு யோசிச்சும் பிடிபடல."

உபால்தோ தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஃபெர்மின் தாளைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். "அது..." என்றார். "வடக்கேருந்து குளிர் காத்து இறங்குச்சே, அந்த ரெண்டு நாளுதான். நான் ஸ்வெட்டர் போட்டுட்டு எண்ணினேன்." சொல்லிவிட்டு, தான் யாருக்காகப் பேசுகிறோம் என்பது உறைத்ததுபோல நிறுத்தினார்.

ஒரு கத்திகூடத் தட்டவில்லை. ஆனால் தொண்ணூறு கத்திகள் பலகைக்கு ஒரு சாண் மேலே நின்றன.

"வெயில்ல, வயிறு நிறையச் சாப்பிட்டு வந்து உக்காரும்போது கை தூங்குது" என்றாள் எனெய்தா. "நாவல் இருந்தாலும் தூங்குது, இல்லைன்னாலும் தூங்குதுன்னு நினைக்கிறேன்."

ஃபெர்மின் முட்டாள் இல்லை. "வேற மாதிரியும் இருக்கலாமே" என்றார். "வாசிப்பு இல்லாத நாள்ல நீங்க அரட்டை அடிச்சிருப்பீங்க. அதனால குறைஞ்சிருக்கலாம். ரேடியோ பாடினா அரட்டையும் இருக்காது, நாவலும் இருக்காது."

"அரட்டையா! நாங்களா!" என்று உபால்தோ பாதி எழுந்தார். பெல்கிஸ் அவர் இடுப்புவாரைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

எனெய்தா யோசித்தாள். 

"இருக்கலாம்" என்றாள். "அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. அதனால மாத்திப் பார்ப்போம். ரெண்டு வாரத்துக்கு நாவல காலையில வாசிக்கட்டும். செய்தித்தாள மதியம் வாசிக்கட்டும். குறையறது நாவல் பின்னாடியே காலைக்குப் போனா, தப்பு நாவலோடது. நீங்க எழுதுற காகிதத்துல நானே முதல் கையெழுத்துப் போடறேன். போகாம மதியத்துலயே நின்னுடுச்சுன்னா, சோத்தோடது."

ஃபெர்மின் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "சரி. திங்கட்கிழமையிலேருந்து."

அதற்குப் பிறகுதான் தட்டினார்கள். எத்தனை நிமிஷம் என்று இம்முறை ஃபெர்மின் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு சொராய்தா நாவலைத் திறந்தாள். நான்காம் வரி தாண்டுவதற்குள் ஏதோ சரியில்லை என்று எனெய்தாவுக்குப் பட்டது. கூடத்தின் தாளம் மாறியிருந்தது. நிமிர்ந்து பார்த்தாள். தொண்ணூறு பேரும் நாய் துரத்தும் அவசரத்தில் சுருட்டுச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். உபால்தோவின் நெற்றியில் வியர்வை. பெல்கிஸ் நாக்கைக் கடித்துக்கொண்டு, கதையைக் காதில் வாங்காமல், சுருட்டு மேல் சுருட்டாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்றீங்க?"

"பேசாத. உன் கட்சிய ஜெயிக்க வைக்கிறோம்" என்றாள் பெல்கிஸ். "கிழவன் சனிக்கிழமை வீடு வீடாப் போய்ச் சொல்லிட்டு வந்தாரு. நாவல் நேரத்துல பறக்கணும், மதியம் ஊரணும்."

நாவல் நேரம் முடிந்து ஃபெர்மின் எண்ணியபோது நூற்றுக்கு நூற்றுப் பன்னிரண்டு வந்தது. பாதிச் சுருட்டுகள், காற்றுப் போகாமல் இறுகியிருந்ததால், சோதனை மேஜையிலிருந்து திரும்பி வந்தன. எனெய்தா திரும்பி வந்த சுருட்டுகளைப் பார்த்தாள். இத்தனை நாளில் முதன்முதலாகத் தெளிவாகத் தெரிய வந்த ஒன்றை இவர்களே கலக்கிவிட்டார்கள், அதுவும் அவள்மேல் உள்ள பிரியத்தால். இனி நாவல் கைக்கு என்ன செய்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. அவளாலும்தான்.

நேராக ஃபெர்மினிடம் போனாள். "இன்னிக்குக் கணக்க எடுத்துக்காதீங்க. அது நாவல் சுத்தினது இல்ல, வீம்பு சுத்தினது."

ஃபெர்மின் அவளை ஒரு கணம் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "தனக்குச் சாதகமான கணக்க வேண்டாம்னு சொல்ற ஆள நான் இன்னிக்குத்தான் பார்க்கிறேன். போதும் தோழர் பாசோஸ். ரெண்டு வாரம் எல்லாம் வேண்டாம். நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. நாவல் இருக்கட்டும்னு இன்னிக்கே எழுதிடறேன்."

மேஜைமேல் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தார். சரி என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவள் அறை அவளுக்குத் திரும்பிவிடும். எனெய்தா கதவின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள். வெளியே இலை நனைக்கும் தொட்டியில் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது.

"நான் பொய் சொல்லல, சரி" என்றாள். "ஆனா நான் தப்பா இருக்கலாமே. நல்லவங்க சொன்னா அது சரியாயிடுமா? அடுத்து வர்ற நிர்வாகிக்கு என்னைத் தெரியாது. அவர் வேற தாள எடுத்துட்டு வருவாரு. அப்ப என்ன காட்டுவோம், என் மூஞ்சியவா?"

"நான்தான் நம்பிட்டேன்னு சொல்றேனே!"

"என்னை நம்பிட்டீங்க. நான் சொன்னத இன்னும் பார்க்கல."

ஃபெர்மின் பேனாவைக் கீழே வைத்தார். "உங்களோட ஒத்துப்போறது, உங்ககிட்ட சண்டை போடறத விடக் கஷ்டம்" என்றார்.

கூடத்தைச் சம்மதிக்க வைப்பது அதைவிடச் சுலபமாக முடிந்தது. உபால்தோ எடுத்த எடுப்பிலேயே பாய்ந்தார். "நீ யாரு பக்கம்? அத முதல்ல சொல்லு! உனக்காக என் விரல் தேயுது, நீ போய் அவன்கிட்ட எங்களக் காட்டிக் கொடுக்கிற!"

"இன்னிக்கு நூத்துக்கு நூத்திப் பன்னண்டு சுத்துனீங்க இல்ல?"

"சுத்தினோம்! நூத்தி இருபதும் சுத்துவோம்!"

"சரி. அப்படின்னா தினமும் ஏன் அவ்வளவு சுத்தலைன்னு நாளைக்கு அவர் கேட்டா என்ன சொல்லப்போறீங்க?"

உபால்தோவின் வாய் திறந்தபடி நின்றது. அவர் முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சம் ஏறுவதைப் பெல்கிஸ் ரசித்துப் பார்த்தாள். கடைசியில் அவர் மெதுவாகத் திரும்பி, மேடைப் பக்கம் வரை கேட்கும்படி, அந்த வாரத்தின் மிகச் சுருக்கமான உரையை நிகழ்த்தினார்: "எல்லாரும் எப்பவும் போலச் சுத்துங்கடா!"

மதியம் ஊர்வதும் அதே மூச்சில் நின்றது. செவ்வாய்க்கிழமை முதல் கூடம் பழையபடி ஆனது. ஃபெர்மின் தினமும் நடந்தார். ஒன்பது மணிக்கு உப்பளம், ஒன்றரை மணிக்குக் கரும்பு அறுவடையும் பேஸ்பால் முடிவுகளும். எனெய்தாவுக்குக் காலை நாவல் ருசிக்கவில்லை. வெளிச்சம் அதிகமாக இருந்தது. மதியங்கள் நீண்டன. சுற்றிக்கொண்டே, தான் தோற்றுப்போகலாம் என்று நினைத்துப் பார்த்தாள். தோற்றால் கையெழுத்துப் போட வேண்டும். போடுவாள். ஆனால் இவ்வளவு நாள் யார் ஜெயிப்பார்கள் என்று பயந்த அந்தப் படபடப்பு இப்போது இல்லை. என்ன வரும் என்று பார்க்கும் ஆவல் இருந்தது. அது அவளுக்கே வேடிக்கையாகப் பட்டது.

தள்ளிவைத்த திங்களையும் சேர்த்துப் பதினோராம் நாள் ஃபெர்மின் அவளை அறைக்குக் கூப்பிட்டார். பெல்கிஸும் உபால்தோவும் கூப்பிடாமலே பின்னால் வந்து கதவோரம் நின்றார்கள். இந்த முறை காப்பி நான்கு பேருக்கும் இருந்தது.

"பாருங்க" என்று தாளைத் திருப்பி வைத்தார். "மதியம் செய்தித்தாள் நேரத்துல தொண்ணூத்தொண்ணு. குறைவு மதியத்தோடவே நின்னுடுச்சு. நாவல் பின்னாடி போகல."

உபால்தோ ஒரு கூச்சல் போட்டார். பெல்கிஸ் எனெய்தாவின் கன்னத்தில் சத்தமாக முத்தமிட்டாள். "என் உசுரே! நீ வாரத்துக்கு ரெண்டு தடவை பேசணும்!"

எனெய்தா தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் காலைக் கட்டத்தில் போய் நின்றது.

"ஒம்பது மணிக்கு நாவல் வாசிச்சப்ப தொண்ணூத்தெட்டு."

"அது கிடக்கு. ரெண்டுதானே" என்றார் ஃபெர்மின்.

"மதியத்துலயும் நாவல் இருந்தப்ப எம்பத்தொம்பது, நாவல் இல்லாதப்ப தொண்ணூத்தொண்ணு. அங்கேயும் அதே ரெண்டு."

"இவள யாராவது வெளிய கூட்டிட்டுப் போங்களேன்!" என்று உபால்தோ கெஞ்சினார். "ஜெயிச்சாச்சு! ஜெயிச்ச பிறகும் எண்ணுறாளே!"

"ஒம்பது சோத்தோடதும் வெயிலோடதும்" என்றாள் எனெய்தா. "ரெண்டு நாவலோடது. பார்த்தேனே. அந்தப் பொண்ணு கடிதத்தக் கண்டுபிடிச்ச அன்னிக்கு யாரு கையும் ஓடல."

ஃபெர்மின் பேனாவை எடுத்துக் காகிதத்தில் கொஞ்ச நேரம் எழுதினார். காலை, மதியம், சாப்பாடு, குளிர் காற்று என்று எல்லாவற்றையும் எழுதினார். பிறகு நிமிர்ந்தார். "இந்த ரெண்ட என்னன்னு எழுத? ஒரு காரணம் சொல்லுங்க. வாசிப்பால தரம் கூடுதுன்னு எழுதவா?"

"கூடுதா?"

"தெரியாது."

"அப்ப எழுதாதீங்க."

"வேற என்னதான் எழுத?"

எனெய்தா தாளில் அந்த இரண்டு கட்டங்களையும் இன்னொரு முறை பார்த்தாள். உபால்தோகூடக் குறுக்கே பேசவில்லை. பெல்கிஸ் கடிகாரத்தைத் தேடவில்லை.

"நாவலோட விலை நூத்துக்கு ரெண்டுன்னு எழுதுங்க" என்றாள். "தொண்ணூறு பேரும் அத வேலை முடியற நாலரை மணிக்கு மேல பத்து நிமிஷம் இருந்து சுத்திக் கொடுத்துடறோம்னு எழுதுங்க. கணக்குப் போட்டுப் பார்த்தேன், அதைவிடக் குறைவாவே போதும்."

"பத்து நிமிஷமா! யாரக் கேட்டுடி சொன்ன?" என்றார் உபால்தோ.

"இப்பக் கேக்குறேன். வேணாம்னா சொல்லுங்க, காரணத்தோட."

உபால்தோ மூச்சை இழுத்தார். பூட்டனிலிருந்து தொடங்கப்போகிறார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் ஃபெர்மினைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், கையிலிருந்த காப்பியைக் குடித்து முடித்தார். "அஞ்சு நிமிஷம்" என்றார். "நாவல் நீளமா இருந்தா ஆறு."

ஃபெர்மின் 'ஆறு' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

அடுத்த திங்கள் மதியம் ஒன்றரை மணிக்கு சொராய்தா மேடையேறி, விட்ட பக்கத்தைத் திறந்தாள். வெயில் தகரத்தில் காய்ந்தது. வயிறுகள் நிறைந்திருந்தன. கைகள் தூக்கக் கலக்கத்தில் மெதுவாக ஓடின. உப்பளத்து மகள் கடிதத்தைப் பிரித்தாள். அதன் முதல் வரியைச் சொராய்தா வாசிக்கத் தொடங்கியபோது எனெய்தாவின் விரல்களுக்கிடையில் மேல் இலை பாதி சுற்றியபடி நின்றுவிட்டது. பக்கத்து மேஜையிலும் ஏதோ நின்றது. எதிர் வரிசையில் உபால்தோ கத்தியை உயர்த்தியபடி வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

அட்டையும் தாளும் இல்லாமல் கதவோரம் சாய்ந்து நின்ற ஃபெர்மின், யாரையும் பார்த்துக் கடிகாரத்தைத் தட்டிக் காட்டவில்லை. அவரும் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தார்.